வெப்பச் சுட்டெண்: புழுக்கத்தின் அளவு

வானிலை அறிக்கையில் கொழும்புக்கு 32 பாகை செல்சியஸ். பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கோ 40 போல அவிகிறது. அறிக்கை பிழையில்லை. புல்தரைக்கு மேலே ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகும் சாய்சட்ட வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி காட்டிய எண் அது: காற்றின் வெப்பநிலை. உடம்பு உணர்வது வேறு. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துபோகும், சூடு உடலிலேயே தங்கிவிடும்.

இதற்குத் தமிழில் பழைய சொல் உண்டு: புழுக்கம். 'புழுங்கு' என்றால் ஆவியில் வேகுதல். சங்க இலக்கியத்தில் 'புழுக்கு' வேகவைத்த உணவு. புழுங்கலரிசி அவித்த நெல்லின் அரிசி. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வெக்கை வெறும் சூட்டையும் குறிக்கும். புழுக்கத்தில் ஈரமும் சேர்ந்தே இருக்கிறது. 'ஒரே அவிச்சலாக் கிடக்கு' என்று நாம் சொல்வதும் இதே பார்வைதான்.

வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து இந்தப் புழுக்கத்தை ஓர் எண்ணாக்கியவர்களில் முக்கியமானவர் றொபேட் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர். 1979இல் வந்த அவரது கட்டுரையின் தலைப்பிலேயே புழுக்கத்துக்கான ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது. 'வெப்பச் சுட்டெண்' என்ற பெயர் பிறகு நிலைத்தது. சுட்டு + எண்: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் வருகிற அதே சொல். தமிழ்நாட்டில் 'வெப்பக் குறியீடு' என்பார்கள். குறியீடு அடையாளத்தையும் குறிப்பதால் சுட்டெண்ணே தெளிவு. கைப்பேசிச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'feels like' என்று வருவதை 'உணர்வெப்பநிலை' எனலாம். அதில் பெரும்பாலும் காற்றின் வேகமும் சேரும், ஆகவே இரண்டும் ஒன்றல்ல. 'உணர்வெப்பம்' என்று சுருக்கினால் வெப்பமும் வெப்பநிலையும் குழம்பும். பொருளை மட்டும் பார்த்தால் 'புழுக்கச் சுட்டெண்' என்பதே மிகப் பொருத்தம்.

எண்ணில் பார்த்தால் விளங்கும். சாரீரப்பதன் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்பது. 32 பாகையில் அது 40 வீதமென்றால் சுட்டெண் ஏறத்தாழ 33. 70 வீதமென்றால் 40 வரை போகும். பலரும் பிழைவிடுவது இங்கேதான்: காலை ஆறு மணியின் 90 வீத சாரீரப்பதனையும் நண்பகல் 32 பாகையையும் சேர்த்துக் கணக்கிட்டு, 50ஐ நெருங்குகிறது என்று பயப்படுவார்கள். காற்றிலுள்ள நீராவி மாறாவிட்டாலும், காற்று சூடாக ஆகச் சாரீரப்பதன் குறையும். ஒரே நேரத்து இரு அளவுகளையே எடுக்க வேண்டும்.

இன்னொன்று: சுட்டெண் நிழலுக்கும் மெல்லிய காற்றுக்கும் கணித்தது. நேர் வெயில் அதில் 8 பாகை வரை கூட்டும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும். பருவக்காற்று மாறும் காலமாதலால் காற்றும் விழுந்திருக்கும். அப்போது புறக்கோட்டையில் நண்பகலில் மூட்டை சுமப்பவருக்கு, அறிவித்த சுட்டெண்ணே குறைவு.