டவர் விளக்கு மின்னுகிறதே, டேட்டா ஏன் போகவில்லை?

மோட்டாரைப் போனிலிருந்தே இயக்கும் பெட்டி பற்றி, காங்கேயம் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து போன மாதம் ஒரு போன். "தம்பி, டவர் லைட்டு நல்லா மின்னுதுங்க. மிஸ்டு கால் குடுத்தா மோட்டாரும் ஓடுது. ஆப்ல மட்டும் ஆஃப்லைன்னே காட்டுதுங்க. மோடம் போயிருச்சு, புதுசு போட்டுக்கங்கன்னு கடையில சொல்றாங்க."

"வாங்கிடாதீங்கண்ணா. அந்த லைட்டு எத்தனை செகண்டுக்கு ஒருதடவை மின்னுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

எண்ணிப் பார்த்து, மூன்று என்றார். மோடம் உயிரோடுதான் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மோடம் என்பது சிம் போட்டு நெட்வொர்க்கோடு பேசும் கருவி. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் நிறைய இடத்தில் இருப்பது சிம்800 வகை 2ஜி மோடம். அது டவரைத் தேடும்போது 0.8 நொடி இடைவெளியில் மின்னும். நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டால் 3 நொடிக்கு ஒருமுறை. டேட்டா இணைப்பு கிடைத்துவிட்டால் 0.3 நொடி இடைவெளியில் படபடக்கும். மிஸ்டு காலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் இரண்டாவது நிலை போதும். ஆப்புக்கு மூன்றாவது நிலை வேண்டும். முதல் நிலையைத் தாண்டாமலே கிடக்கும் பெட்டிகளில் ஜியோ சிம் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. 2ஜி மோடம் எத்தனை நாள் தேடினாலும் அது கிடைக்காது.

சிக்னல் அளவைக் கேட்டால் மோடம் 0 முதல் 31 வரை ஓர் எண் சொல்லும். 99 என்று வந்தால் அளவு தெரியவில்லை என்று பொருள். 99ஐப் பார்த்து, அடடா, நூற்றுக்கு ஒன்றுதானே குறைவு என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

டேட்டா கால் என்ற பெயரே கொஞ்சம் குழப்பும். முன்பு அது நிஜமான கால்தான். மோடம் எதிர்முனை மோடத்தின் எண்ணை டயல் செய்யும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் தகவல் போகும். பேசுகிற கால் மாதிரியே நேரத்துக்குக் காசு. இப்போதும் பல மோடங்கள் *99# என்று டயல் செய்கின்றன, ஆனால் அந்த எண்ணில் எடுத்துப் பேச யாரும் இல்லை. 'எனக்கு ஒரு ஐபி முகவரி கொடு' என்று நெட்வொர்க்கிடம் கேட்பதற்குத்தான் அந்த டயல். எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்பதை ஏபிஎன் என்ற பெயர் சொல்லும்.

'கனெக்ட்' என்று பதில் வந்ததும் மோடம் கட்டளை நிலையிலிருந்து டேட்டா நிலைக்குப் போய்விடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மோடத்துக்கு இடும் கட்டளைகள் 'ஏடி' (AT) என்று தொடங்கும். அதற்கு மேல் நீங்கள் அனுப்பும் ஏடி கட்டளையை மோடம் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளாது, சரக்கோடு சரக்காக அப்படியே அனுப்பிவிடும். ஒரு சர்வர் பதிவில் தண்ணீர் மட்ட எண்களுக்கு நடுவே சிக்னல் கேட்கும் கட்டளை வரிவரியாகக் கிடந்தது. எழுதியது வேறு யாருமில்லை, நான்தான்.

திரும்பக் கட்டளை நிலைக்கு வர மூன்று கூட்டல் குறி: +++. 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் காலத்துப் பழக்கம் இது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் வேண்டும். கைப்பழக்கத்தில் எண்டர் தட்டினால் காரியம் கெட்டது. இப்படி வெளியே வந்தாலும் இணைப்பு அறுவதில்லை. ஏடிஓ கொடுத்தால் விட்ட இடத்துக்கே திரும்பலாம், ஏடிஎச் கொடுத்தால்தான் துண்டிக்கும்.

இன்னொரு தொல்லை, செத்தும் சாகாத இணைப்பு. கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பாமல் இருந்தால் நெட்வொர்க் அந்த இணைப்பைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிடும், யாருக்கும் சொல்லாது. மோடம் டேட்டா நிலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் துண்டித்து மறுபடி டயல். அதையும் விடாமல் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அப்புறம் கரண்டு. இந்த 2ஜி மோடம் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரும் மலிவு அடாப்டரும் இருந்தால் மின்னழுத்தம் இறங்கி ரீசெட் ஆகும். டவர் தூரமென்றால் முழு பலத்தில் அனுப்ப வேண்டியிருப்பதால் இது இன்னும் அதிகம். மோடத்தை மாற்றிப் பயனில்லை.

சரி, காங்கேயத்துக்கு வருவோம். விசாரித்ததில் அவர் தங்கை மகன் சிம்மை வேறு கம்பெனிக்கு மாற்றியிருக்கிறான். பெட்டிக்குள் பழைய கம்பெனியின் ஏபிஎன். இங்கிருந்தே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பி மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப லைட்டு ரொம்பப் படபடன்னு அடிச்சுக்குதுங்க. புதுசே வாங்கிப் போட்டுரட்டுங்களா?"