தோலில்லாத தோல் வாசனை

திருகோணமலைக் கடைத்தெருவில் உள்ள ஓர் அத்தர்க் கடையில், ‘லெதர்’ என்று எழுதிய குப்பியிலிருந்து ஒரு துளியைக் காகிதத் துண்டில் தொட்டுத் தந்த கடைக்காரர், “முதல்ல கசக்கும் சேர், கொஞ்சம் பொறுங்க” என்றார். அவர் சொன்னபடியே முதலில் பச்சைத் தண்டை முறித்தது போன்ற கசந்த நெடி எழுந்தது. அரை மணி நேரம் கழித்து முகர்ந்தபோது புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தது போலிருந்தது. அந்தக் குப்பிக்குள் தோலிலிருந்து எடுத்த பொருள் எதுவும் இல்லை. பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டுப் போத்தல்களுக்குள்ளும் இல்லை.

பதனிடாத தோலுக்கு இருப்பது நாற்றம்தான். நாம் தோல் வாசனை என்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு, பதனிடும்போது சேரும் எண்ணெய், மரப்பட்டைச் சாறு, புகை ஆகியவற்றுக்கு உரியது. ரஷ்யாவில் தோலில் நீர் இறங்காமலும் பூச்சி அரிக்காமலும் இருப்பதற்காக, பூர்ச்ச (birch) மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடித்த தார் எண்ணெயைப் பூசினார்கள். அதிலுள்ள குவாயகோல், கிரெசோல் போன்ற பீனோல்களின் புகைமணமே பின்னாளில் வாசனைத் தொழிலில் ‘ரஷ்யத் தோல்’ ஆனது. சுத்திகரிக்காத தாரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், இன்று சுத்திகரித்ததையே பயன்படுத்துகிறார்கள்.

தோல் மணத்தின் முதல் தூண் இந்தத் தார் என்றால், இரண்டாவது தூண் ஐசோபியூட்டைல் குயினோலின். 1834இல் ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த குயினோலினின் உறவுப் பொருளான இது, ஆலையில் தயாராவது. மிகச் சிறிதளவே ஒரு கலவை முழுவதையும் தோலாக மாற்றிவிடும். 1944இல் பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ஜெர்மேன் செல்லியே உருவாக்கிய ‘பாண்டி’ (Bandit) வாசனையின் முரட்டுத் தோல் மணத்துக்கு இதுவே அடிப்படை.

விலை குறைந்த மாற்றுகள் இந்த வகையில் அசலை இவ்வளவு நெருங்குவதற்கும் இதுதான் காரணம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ்கள் தேவைப்படுவதால், அந்த மணத்தை மலிவாகத் தருவது கடினம். தோல் மணமோ, விலையுயர்ந்த போத்தலிலும் மலிவான குப்பியிலும் பெரும்பாலும் ஒரே சில மூலக்கூறுகளால் ஆனது. 2007இல் வந்த டாம் ஃபோர்டின் ‘டஸ்கன் லெதர்’ போன்ற ஒரு வாசனையை கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவியில் செலுத்தினால், அதன் கூறுகளில் பெரும்பாலானவற்றை அளவோடு கண்டுகொள்ளலாம். வளைகுடா நிறுவனங்கள் அதே சாயலைக் குறைந்த விலையில் தருவது வியப்பில்லை. லாப்டனம் போன்ற இயற்கைப் பிசின்களின் தரத்திலும், முதல் பத்து நிமிடங்களின் நயத்திலும்தான் வேறுபாடு தெரியும்.

கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் நமது ஊரில் அந்த முதல் நிமிடங்கள் இன்னும் சுருங்கிவிடுகின்றன. எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் சூட்டில் விரைந்து ஆவியாகிவிட, மூலக்கூற்று எடை 185 உள்ள ஐசோபியூட்டைல் குயினோலின் மெதுவாக எழும்பிப் பல மணி நேரம் தங்குகிறது. ஆகவே மணிக்கட்டில் ஒரு துளி வைத்து, கடற்கரை வரை நடந்துவிட்டு வந்து, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்த பின்பே வாங்குங்கள். துளியை உடலின் தோலிலேயே வையுங்கள், துணியில் வேண்டாம். புகைமண அத்தர் பலவும் பழுப்பு நிறம் என்பதால், வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை எளிதில் போகாது.