பன்னீர் மணத்தை நாக்கு அறியாது

சென்ற மாதம் மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று ஒயின்களை ஆளுக்கு இரண்டு மடக்கு வீதம் சுவைத்துப் பார்த்தோம். இரண்டு நாசிக்கிலிருந்து வந்தவை. சொவிஞோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயின் ஒன்று, ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் மற்றொன்று. மூன்றாவது இத்தாலியின் ஆஸ்தி பகுதியில் செய்யப்படும் மொஸ்காட்டோ என்னும் இனிப்பு ஒயின். நண்பரின் அம்மா ஒயின் குடிப்பதில்லை; அவர் அந்த மூன்றாவது கண்ணாடிக் குவளையை முகர்ந்துவிட்டு, "நம்ம கம்பத்துப் பன்னீர்த் திராட்சை வாசமால்ல இருக்கு" என்றார்.

அவர் சொன்னது வேதியியல்படியும் வம்சாவளிப்படியும் சரி. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். அந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் பெற்றோரில் ஒன்றுதான், மொஸ்காட்டோ செய்யப் பயன்படும் சிறுமணி வெள்ளை மஸ்கட் என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டித் தோட்டத்துக் கொடிக்கு ஆஸ்தியின் கொடி பாட்டி முறை ஆகிறது. இந்தக் குடும்பத்தின் அடையாளமே லினலூல், ஜெரானியால் போன்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்கள்தாம். ஜெரானியால் ரோஜாவில் உண்டு. லினலூல் கொத்தமல்லி விதையிலும் மதுரை மல்லியிலும் உண்டு. மொஸ்காட்டோவில் மல்லிகை வாசம் வருவதாக மதுரைக்காரர் ஒருவர் சொன்னால் அது வெறும் கற்பனை அல்ல.

ஆனால் இந்த மணத்தை நாக்கு அறிவதில்லை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பன்னீர்த் திராட்சையை மென்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும், தோலைக் கடிக்கும்போது சிறிது துவர்ப்பும் தெரியும், பன்னீர் இருக்காது. மூக்கை விட்டு மூச்சை வெளியே விட்ட கணத்தில் மணம் முழுவதும் வந்து சேரும். வாயில் ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்புறம் வழியாக மேலேறி மூக்கின் உட்பகுதியை அடைவதே இதற்குக் காரணம். மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

மொஸ்காட்டோவின் இனிப்புக்குக் காரணம் வேறு. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஆஸ்தியில் இந்த நொதித்தலைப் பாதியிலேயே குளிரவைத்து நிறுத்திவிடுகிறார்கள். எனவே ஆல்கஹால் 5 சதவீத அளவிலேயே நின்று, சர்க்கரை மிஞ்சுகிறது.

ஷிராஸ் எங்களுக்குத் தந்த அனுபவம் முற்றிலும் வேறானது. முதல் மடக்கிலேயே நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துக்கொண்டன. பெரும்பாலான திராட்சைகளின் சதை நிறமற்றது; தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால்தான் சிவப்பு ஒயினுக்கு நிறம் கிடைக்கிறது, கூடவே துவர்ப்பைத் தரும் டானின்கள் என்னும் சேர்மங்களும் இறங்குகின்றன. டானின்கள் உமிழ்நீரின் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்வதால், வழவழப்பு இழந்த நாக்கு வாயின் மேற்பரப்பில் உரசுகிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை உடலியலாளர்கள் பெரும்பாலும் தொடு உணர்வில் சேர்ப்பது இதனால்தான். எனினும் அதற்கென்று தனிப் பெயரிட்டு, நாவற்பழத்திலும் வாழைப்பூவிலும் அதைத் தேடி உண்ட நம் மரபு, சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள நல்ல அடித்தளம் என்றே கருதுகிறேன். நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவதிலும் இதே வேதியியல் உண்டு: மோரின் புரதங்கள் டானினைப் பிடித்துக்கொள்ள, துவர்ப்பு குறைகிறது. மட்டன் சுக்காவின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தபோது எங்கள் ஷிராஸும் மென்மையானது. ஆனால் சுக்காவின் காரம் எதிர்த்திசையில் வேலை செய்தது. மிளகாயின் கேப்சைசின் தூண்டும் அதே வெப்ப ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால் எரிச்சல் கூடியது.

ஷிராஸில் நல்லமிளகின் மணம் இருப்பதாக மூவர் சொன்னோம். நான்காமவருக்கு எவ்வளவு முகர்ந்தும் தெரியவில்லை. மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸில் அடையாளம் கண்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, செறிவான அளவிலும் அது மணக்கவில்லை. ஒருவர் உணர்ந்ததை மற்றவர் உணராதபோது யாரும் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல.

சொவிஞோன் பிளாங்கைப் பற்றி நாங்கள் முதலில் எழுதியது "புளிப்பு, வேறொன்றுமில்லை" என்பதுதான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியிருந்தோம். குளிரில் மண மூலக்கூறுகள் குறைவாகவே ஆவியாகின்றன. மதுரை வெயிலில் குவளை பத்து நிமிடம் மேசை மீது இருந்த பிறகு, குடைமிளகாயை நறுக்கும்போது எழும் பச்சை வாசம் அதிலிருந்து தெளிவாக வந்தது. மெத்தாக்சிபைரசீன் என்ற அந்தச் சேர்மம், ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் நம் மூக்குக்குப் போதுமானது. முதலில் எழுதிய வரியை அடித்துவிட்டு, "குடைமிளகாய், நேரம் கொடுக்க வேண்டும்" என்று மாற்றி எழுதினோம்.