வராமல்போன 30 பேர்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 பேர். பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்பது குலுக்கல்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் புது மாத்திரைக் குழுவில் 70 பேர்தான் மிச்சம். அதில் 56 பேருக்கு, அதாவது 80 சதவீதத்தினருக்கு, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பழைய மாத்திரைக் குழுவில் மிஞ்சிய 90 பேரில் 63 பேருக்கு, 70 சதவீதம். புது மாத்திரை ஜெயித்துவிட்டதா?

வராமல்போன 30 பேர் யார் என்று கேட்க வேண்டும். தலை சுற்றுகிறது, சரிவில் நின்று கொழுந்து பறிக்க முடியவில்லை என்று நிறுத்தியவர்களாக இருந்தால், மிஞ்சியிருப்பது மாத்திரை ஒத்துக்கொண்டவர்கள் மட்டுமே. வராத யாருக்கும் அழுத்தம் குறையவில்லை என்று வைத்து, சேர்ந்த நூறு நூறு பேரையும் கணக்கில் எடுத்தால் 56க்கு 63. பழையதே மேல்! இதிலும் ஊகம் இருக்கிறது. வராதவர்களைத் தேடிப்போய் அளப்பதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

ஐந்தில் ஒருவர் விலகுவார் என்றால் 200 பேருக்குப் பதில் 250 பேரைச் சேர்ப்பது வழக்கம். அது ஆள் குறைவை ஈடுகட்டும். ஆனால் ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சுவதால் முடிவு ஒரு பக்கம் சாய்வதை நிமிர்த்தாது.

சேர்ப்பதும் லேசல்ல. நோயாளிகள் ஏராளம் என்று நம்பித் தொடங்குவார்கள். தொடங்கியதும் தகுதியானவர்களைக் காணோம். லூயிஸ் லசான்யா என்ற அமெரிக்க மருந்தியலாளர் பெயரில் இதற்கு வேடிக்கையாக ஒரு விதியே உண்டு. சர்க்கரை இருந்தால் கூடாது, வயது தாண்டினால் கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கினால் வேறென்ன ஆகும்?

அப்புறம் தக்கவைப்பது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது குறித்த தேதியில் மருத்துவமனைக்கு வா என்றால் யார் வருவார்? போனால் ஒரு நாள் கூலியும் போச்சு. தேதிக்கு முன்பின் சில நாள் இடம் விடுவது, வேலை முடிந்த நேரத்தில் லைன் வீடுகளுக்கே போய் அளப்பது, பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் தருவது ஆகியவற்றைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். பணம் ஆசைகாட்டும் அளவுக்குப் போகாமல் நெறிமுறைக் குழு பார்த்துக்கொள்ளும். படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்கின்றன புது மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகள். பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளின் குடியிருப்புகளில் அவர்கள் பேச்சிலேயே விளக்கத் தெரிந்தவரும் தேவை என்பேன்.

எப்போது வேண்டுமானாலும் விலகுவது பங்கேற்பவரின் உரிமை. ஆனால் மாத்திரையை நிறுத்துவது வேறு, ஆய்வைவிட்டு விலகுவது வேறு. நிறுத்தியவரின் பெயரை உடனே அடித்துவிடாமல், “மாத்திரை வேண்டாம், சரி. அழுத்தத்தை மட்டும் வந்து பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்கலாம்.