மருந்து உமிழும் பூச்சா, மருந்தூறும் பூச்சா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த மருத்துவக் கட்டுரை ஒன்றின் தலைப்பு இது: "எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உமிழும் உயிரியல் பூச்சு". ஆறு சொல்லில் மூன்று பிழை. அதில் 'உமிழும்' என்பதை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாக அடித்துத் திருத்துகிறேன். ஒருமுறை நான் திருத்தியதை மறுபடி 'உமிழும்' என்றே மாற்றி அச்சேற்றிவிட்டார்கள். ஏன் கூடாது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால், அடுத்த முறை இதையே எடுத்து நீட்டலாம்.

முதலில் இந்தப் பூச்சு எதற்கு என்று பார்த்துவிடுவோம். எலும்பில் வைக்கும் உலோகத் திருகின் மேல் இருப்பது இது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரனெமார்க் என்ற ஆய்வாளர் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. 1965-இல் மனிதத் தாடையில் டைட்டானியத் திருகு வைத்துப் பல் கட்டினார். இன்று இடுப்பு மூட்டிலும் தாடையிலும் டைட்டானியம் நிற்பது இந்தப் பிடிமானத்தால்தான். ஆனால் பிடிப்பதற்கு எலும்பு வேண்டுமே. வயதாகி உள்ளே கூடு விழுந்த எலும்பில், எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கியிருக்கும். புதிதாகக் கட்டும் செல்கள் பின்தங்கியிருக்கும். திருகைச் சுற்றிப் புது எலும்பு வளர்வதற்குள் இருக்கிற எலும்பும் கரைந்து, திருகு ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் திருகின் மேலேயே எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டைப் படியவைத்து, அதில் கரைப்பைத் தடுக்கும் மருந்தை ஏற்றி அனுப்பும் முயற்சிகள் நடக்கின்றன.

மருந்தை வாய்வழியாகவே கொடுக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அத்தைக்குச் சனிக்கிழமை தோறும் எலும்புக் கரைப்பைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருப்பார். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். காபி குடித்தால் மருந்து சேராது. சமையலறையில் டிகாக்ஷன் இறங்கும் மணம் வரும். அத்தை கடிகாரத்தைப் பார்த்தபடி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பத்தியம் இருந்தும் அந்த மாத்திரையில் நூறில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. தேவைப்படும் இடத்திலேயே மருந்தை வைத்துவிடலாம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தப் பூச்சுக்கு ஆங்கிலத்தில் 'ட்ரக் எலூட்டிங் கோட்டிங்' என்று பெயர். 'எலூட்' லத்தீன் வழி வந்தது: 'எ' என்றால் வெளியே, 'லுவெரே' என்றால் கழுவுதல். வேதியியல் ஆய்வகத்தில், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த தூளில் ஒட்டியிருப்பதைக் கரைப்பானை ஊற்றி ஊற்றி மெல்லக் கழுவி இறக்குவதற்கு இந்தச் சொல் வெகுகாலமாக உண்டு. அங்கிருந்து இதய மருத்துவத்துக்குப் போனது. மருந்து ஏற்றிய ஸ்டென்டை (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) 1999-இல் பிரேசிலின் சாவோ பாலோவில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்கள். அமெரிக்கா 2003-இல் அதற்கு அனுமதி கொடுத்தது. பிறகு எலும்புக்கு வந்தது. இந்த வரலாற்றில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். எலூட் ஆகும் பொருள் தானாகப் பாய்ந்து வருவதில்லை. வெளியிலிருந்து நீர் உள்ளே போகிறது, ஒட்டியிருப்பதைக் கரைக்கிறது, மெல்லக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

இனி 'உமிழ்'. நல்ல பழைய சொல், அதன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பாம்பு நஞ்சை உமிழும், எரிமலை குழம்பை உமிழும், விளக்கு ஒளியை உமிழும், ஆலை புகையை உமிழும், வெற்றிலை போட்டவர் சாற்றை உமிழ்வார். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை. பாதி இடங்களில், தள்ளப்படுவது வேண்டாத பொருள். 'கார்பன் உமிழ்வு' என்று செய்தித்தாள்கள் எழுதுவது முழுக்கச் சரி. அது 'எமிஷன்'. 'எமிஷன்' வேறு, 'எலூஷன்' வேறு என்று பாராமல், இரண்டும் வெளியே வருவதுதானே என்று ஒரே சொல்லைத் தூக்கிப் போட்டதில்தான் கோளாறு தொடங்கியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்தப் பூச்சுகளைச் செய்பவர்கள் இரவு பகலாகப் போராடுவதே ஒரு குறையைப் போக்கத்தான். உடலுக்குள் வைத்த முதல் சில மணி நேரத்திலேயே, மேலாக ஒட்டியிருக்கும் மருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும். 'பர்ஸ்ட் ரிலீஸ்' என்பார்கள். நான் 'முதல் பீறல்' என்று எழுதுகிறேன். அப்படிப் பீறிட்டால் முதல் நாளில் அளவு மீறும், அடுத்த வாரம் எலும்புக்குத் தேவைப்படும்போது கையிருப்பு இருக்காது. இதைத் தடுக்கத்தான் மேலே கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) போன்ற மெல்லிய மூடியைப் போடுகிறார்கள், துளையைக் குறுக்குகிறார்கள், மருந்தைத் தாதுவோடு வேதிமுறையில் பிணைக்கிறார்கள். 'உமிழும்' என்ற சொல் எதைச் சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த முதல் பீறலைத்தான் சொல்கிறது. எதை ஒழிக்க வேண்டுமோ அதையே எடுத்து அந்தப் பொருளுக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடம் படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

மற்ற சொற்களையும் பார்த்துவிட்டேன். 'வெளியிடும்' என்றால் புத்தகமும் அறிக்கையும் நினைவுக்கு வருகின்றன. 'விடுவிக்கும்' என்பது 'ரிலீஸ்' என்பதன் மேல் தமிழ் எழுத்தை ஒட்டியதுதான். சிறையிலிருந்து ஆளை விடுவிக்கலாம், துளையிலிருந்து மருந்தை விடுவிப்பது தமிழ் வழக்கில்லை. 'கசியும்' கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் இன்று கசிவு என்றாலே வாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு. "உங்கள் இடுப்பில் வைத்த கம்பியிலிருந்து மருந்து கசியும்" என்று நோயாளியிடம் சொன்னால், பழுதான கம்பியை வைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். 'சுரக்கும்' அழகான சொல், இருந்தாலும் பொருந்தாது. மடியும் சுரப்பியும் தாமே உண்டாக்கியதைத் தருகின்றன. பூச்சு எதையும் உண்டாக்குவதில்லை. நாம் வைத்ததைத்தான் தருகிறது.

எனக்குக் கிடைத்த சொல் 'ஊறுதல்'. இதைத் தேடி எங்கும் போகவில்லை, அடுப்படியிலேயே இருந்தது. அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன: வெளியிலிருந்து நீர் உள்ளே போகிறது. கிணறு ஊறுகிறது, நாவில் நீர் ஊறுகிறது: உள்ளிருந்து மெல்ல வெளியே வருகிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. இந்தப் பூச்சிலும் நடப்பது அந்த இரண்டும்தான். டைட்டானியத்தை ஃப்ளோரைடு கலந்த கரைசலில் நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்கும் நுண்குழல்கள் வரிசையாக எழுகின்றன. வாய் அகலம் பெரும்பாலும் 15 முதல் 100 நானோமீட்டர் வரை. தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதை மருந்துக் கரைசலில் ஊறப் போடுகிறார்கள். சூடான பிழம்பில் உருக்கித் தெளித்துப் படியவைத்த ஹைட்ராக்சிஅபடைட் ஆனாலும் இதே கதைதான். அந்தப் பிழம்பின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி, மருந்தைக் கூடவே கலந்தால் சிதைந்துவிடும். ஆகவே ஆறிய பிறகு ஊறவைத்தே ஏற்ற வேண்டும். பிறகு உடலில் வைத்ததும் உடல்நீர் உள்ளே போய் மருந்தை ஊறச் செய்கிறது. ஊறவைத்தது ஊறுகிறது. லத்தீனின் 'கழுவி இறக்குதல்' கூட இவ்வளவு சொல்வதில்லை. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளிலும் மணலின் இடுக்குகள் வழியாகத்தான் நீர் வருகிறது. துளை வழியே மெல்ல வருவதற்கு இந்த வினை அன்றிலிருந்து ஆகிவந்திருக்கிறது.

மறுப்புகள் வந்தன. 'ஊறு' என்றால் கேடு என்றும் பொருளாயிற்றே என்றார் அந்தக் கட்டுரையை அனுப்பிய நண்பர். சரிதான். அதனால்தான் 'மருந்தூறு பூச்சு' என்று வினைத்தொகையாக எழுத வேண்டாம் என்கிறேன். 'மருந்தூறும் பூச்சு' என்று 'உம்' சேர்த்து எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. 'மருந்து ஊறல்' என்ற பெயர்ச்சொல்லையும் தவிர்க்கலாம். காவல்துறைச் செய்திகளில் சாராய ஊறல் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. 'ஊறும் வேகம்', 'ஊறும் அளவு' போதும். கிணற்று ஊற்று வற்றாது, பூச்சின் மருந்து தீர்ந்துபோகுமே என்றார் இன்னொருவர். சித்திரை வெயிலில் கிணறும்தான் வற்றுகிறது.

'பூச்சு' என்ற சொல்லிலும் எனக்குச் சிறு நெருடல் உண்டு. நுண்குழல்களை யாரும் பூசுவதில்லை, உலோகத்திலிருந்தே எழுப்புகிறார்கள். கறாராகச் சொன்னால் அது படலம். ஆனால் படிப்பவருக்கு 'பூச்சு' சட்டென்று விளங்குகிறது. தனித்தமிழ், கலப்புத்தமிழ் என்று கட்சி கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. டைட்டானியத்துக்குப் புதுப்பெயர் சூட்டச் சொல்லவும் மாட்டேன். சொன்னால் விளங்க வேண்டும், விளங்குவது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலில் 'உயிரியல் பூச்சு' நிற்காது. உயிரியல் ஒரு படிப்பின் பெயர். ஆங்கிலத்தில் இந்த வகைப் பூச்சை 'பயோஆக்டிவ்' என்பார்கள். 'பயோஆக்டிவ்' என்பது 1969-இல் புளோரிடாவில் லாரி ஹென்ச் ஒரு கண்ணாடியைச் செய்து, அது எலும்போடு பிணைந்துகொள்வதைக் கண்டதையொட்டி வழக்குக்கு வந்த கருத்து. உடல் பொறுத்துக்கொண்டு சும்மா விடும் பொருள்கள் வேறு. உடலை வினைபுரியத் தூண்டி, அந்த வினையால் திசுவோடு பிணையும் பொருள்கள் வேறு. பின்னதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. 'வேதிவினை' பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். அதே தடத்தில் 'உயிர்வினைப் பூச்சு' என்றால் போதும். 'உயிருள்ள பூச்சு' என்றுகூட ஓரிடத்தில் படித்தேன். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுவுக்கு உயிர் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது பிழையைப் பிடித்தது நானில்லை, அத்தை. தலைப்பைச் சத்தமாகப் படித்ததும் கேட்டார்: "ஏன்டா, தேஞ்ச எடத்துல இதைப் பூசி மேடாக்கிருவாங்களா?" கேள்வியில் ஒரு பிசகும் இல்லை. தேய்ந்ததென்றால் நிரப்பத்தானே வேண்டும்? பிசகு சொல்லில் இருக்கிறது. தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. அது வேறு நோய். அத்தைக்கு இருப்பது ஆஸ்டியோபோரோசிஸ். 'போரோஸ்' என்றால் கிரேக்கத்தில் வழி, துளை. எலும்பின் அடர்த்தி இளம் வயதுச் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கமோ (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) அதற்கு மேலோ இறங்கியிருந்தால் இந்த நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. அடர்த்திதான் இறங்குகிறது, தேய்மானம் எதுவும் இல்லை. தமிழில் இதற்கு 'எலும்புப்புரை' என்ற அருமையான சொல் இருக்கிறது. புரை என்றால் உள்துளை. புரையோடிய புண் என்கிறோமே, அந்தப் புரை. அதை விட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் எல்லாவற்றுக்கும் 'தேய்மானம்' என்கிறார்கள். முட்டிக்கும் தேய்மானம், கழுத்துக்கும் தேய்மானம், இதற்கும் தேய்மானம். இதனால் நேரும் தீங்கு சின்னதில்லை. தேய்மானம் என்று கேட்டவர் எண்ணெய் தேய்க்கிறார், முட்டிக்கு உறை வாங்குகிறார். கீழே விழாமல் இருக்க வேண்டும் என்பது அவர் மனதில் பதிவதே இல்லை. புரைக்கு வலி கிடையாது. எலும்பு முறிகிற அன்றுதான் தெரியும். அத்தைக்கும் மணிக்கட்டு முறிந்த பிறகுதான் தெரிந்தது.

அத்தையிடம் எங்கள் ஊர் வீட்டுப் பின்கட்டு வாசலின் நிலைச்சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வெளியே பார்த்தால் வர்ணம் அடித்து முழுசாக நிற்கும்; உள்ளே கரையான் அரித்திருந்தது. தச்சர் கொண்டியைத் திருகத் திருக, திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஆமா, பக்கத்துல வேற கட்டை வச்சு அடிச்சாரே" என்றார். புரை விழுந்த எலும்பில் டைட்டானியத் திருகின் நிலைமையும் அதுதான் என்றதும் புரிந்துகொண்டார். ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் பல் திருகுகளின் மேல் எலும்புக் கரைப்பைத் தடுக்கும் மருந்தை ஏற்றி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று மருந்தோடும் ஒன்று மருந்தில்லாமலும் பொருத்திப் பார்த்து, மருந்து ஏற்றியது கூடுதலாகப் பிடித்து நின்றதை 2012-இல் வெளியிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அத்தை சாப்பிடும் மாத்திரையும் அதே வகை மருந்துதான்.

மெய்ப்பின் ஓரத்தில் தலைப்பை மாற்றி எழுதினேன்: "புரை விழுந்த எலும்புக்கு மருந்தூறும் உயிர்வினைப் பூச்சு". அனுப்புவதற்கு முன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஊறும்னா, கொஞ்சங்கொஞ்சமாத்தான வரும்? எத்தனை நாளைக்கு வரும்?"