சித்திரை வெயிலில் மதுரை ரன்வே எவ்வளவு உயரம்?

பெருங்குடியில் இருக்கும் மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானத்துக்கு அது ஏறக்குறைய 3,600 அடி. கொடைக்கானல் மலையில் பாதி உயரம்.

காரணம் வெயில்தான். சூடேறினால் காற்று விரிந்து மெலிந்துவிடும். இறக்கைக்குத் தூக்குவிசை தருவதும், இன்ஜின் இழுத்து எரிப்பதும், புரொப்பெல்லர் பின்னால் தள்ளுவதும் அந்தக் காற்றைத்தான். அது மெலிந்தால் மூன்றும் அடிவாங்கும். மலை உயரத்திலும் காற்று இப்படித்தான் மெலிந்திருக்கும். அதனால் விமானத்துக்கு ஓடுபாதையே மேலே ஏறிவிட்டது போல.

பைலட் பயிற்சியில் இதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு. கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1,000 அடி ஏறினால் 2 டிகிரி குறைவு என்பது விமானத் துறை உலகம் முழுக்க வைத்திருக்கும் அடிப்படை அளவு. அதன்படி மதுரையில் 14 டிகிரி இருக்க வேண்டும். (மார்கழி விடியற்காலையில்கூட அது நமக்கு அபூர்வம்.) வெயில் 40 என்றால் 26 டிகிரி அதிகம். அதிகமாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி மேலே ஏறியதாகக் கணக்கு, ஆக 3,120 அடி. அதோடு 460 சேர்த்தால் 3,580 அடி. புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஈரக்காற்று கனமானது என்றுதான் பலரும் நினைக்கிறோம், உண்மை தலைகீழ். மூலக்கூறு எடையில் நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, நீராவி வெறும் 18.

பாதுகாப்புப் பாடம் எடுக்கும் மூத்த பைலட்கள் இதைவிட அதிகம் பயமுறுத்துவது வேகமானியைக் காட்டித்தான். அது சக்கரத்தின் வேகத்தைக் காட்டுவதில்லை. எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான் வேகமாக மாற்றிக் காட்டுகிறது. மெலிந்த காற்றில் அதே அழுத்தம் வர வேண்டுமானால் விமானம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு சிறிய பயிற்சி விமானம் 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தில் மூக்கைத் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். மே மதியத்திலும் முள் அதே 55-ஐத்தான் காட்டும். ஆனால் தரையில் அது ஓடுவது 58 நாட். மூன்று நாட்தானே என்று விட முடியாது. தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இன்ஜினோ அன்றைக்கு இளைத்துக் கிடக்கிறது. ஓட வேண்டிய தூரம் கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும்.

அப்புறம்தான் உண்மையான ஆபத்து. தரையை ஒட்டி, இறக்கைகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளம் அளவு உயரம் வரை, காற்றின் இழுவை குறைவாக இருக்கும். அதனால் விமானம் எப்படியோ எழும்பிவிடும். அதற்கு மேலே ஏற மறுக்கும். எதிரே மரம் தெரிந்தால் புதியவரின் கை தானாகவே மூக்கை இன்னும் தூக்கப் பார்க்கும். வேகம் விழும், இறக்கை தூக்குவதையே நிறுத்திவிடும். மூக்கைத் தாழ்த்தி முதலில் வேகம் சேர்க்க வேண்டும். மனசு சொல்வதற்கு நேர் எதிரான இந்த வேலையைத்தான் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

பெரிய ஜெட்களில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை. பல ஜெட் இன்ஜின்கள் சுமார் 30 டிகிரி வரைதான் முழு உந்துவிசை தரும். எடை, வெப்பம், காற்று, ஓடுபாதை நீளம் எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் பார்த்துவிடுவார்கள். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியைத் தொட்டபோது, சில சிறிய ஜெட்களுக்கு அனுமதிக்கப்பட்ட வெப்ப வரம்பே தாண்டிவிட்டதால் விமானங்களை ரத்து செய்தார்கள். மதுரையில் அவ்வளவு தூரம் போகாது. இங்கே ஓடுபாதை சுமார் 7,500 அடி. அதை மதியத்துக்கென்று நீட்ட முடியாது, வெயிலையும் குறைக்க முடியாது. கை வைக்க மிச்சம் இருப்பது எடை ஒன்றுதான். எடை வரம்பு இடித்தால், சில பெட்டிகள் அடுத்த விமானத்தில் வந்து சேரும்.