மண்புழு உரப்படுக்கைக்கு மானியம் உண்டு, அதில் போடும் கரிக்கு இல்லை

"பயோசார் திட்டம் வந்திருக்கு, மூட்டைக்கு முன்பணம் கட்டுங்க, பாதி மானியமாத் திரும்பி வந்துடும்" என்று யாராவது ஊருக்குள் வந்து சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பயோசார் என்பது உரத்தில் கலக்கும் கரிதான். நமக்குக் கிடைக்கிற மானியம் மண்புழு உரம் தயாரிக்கும் படுக்கைக்கு. அதற்குள் கலக்கும் கரியை வேலியோரத்துச் சீமைக்கருவேலத்தை வைத்து நாமே செய்துகொள்ளலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கரி எதற்கு? சாணமும் கோழி எருவும் குவித்த சில நாளில் மூக்கைத் துளைக்கும் வாடை வருமே, அது அமோனியா. யூரியாவாகக் காசு கொடுத்து வாங்கும் அதே தழைச்சத்து காற்றோடு போகிறது. குவியலில் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கினால் மீத்தேன் கிளம்பும். கூடவே நைட்ரஸ் ஆக்சைடும் வரும். அது கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. நுண்துளை நிறைந்த கரி அமோனியாவைப் பிடித்து வைக்கும், காற்று உள்ளே புகவும் வழிவிடும். காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும்.

இனி அலுவலகக் கதைக்கு வருவோம். மண்புழு உரப்படுக்கைக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. தோட்டக்கலைத் துறை, ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் தருகிறது. வேளாண்மைத் துறை, 2024-25இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்' திட்டத்தில் தருகிறது. அலைச்சல் இங்கேயே ஆரம்பித்துவிடும். நெல் போடுகிறவர் தோட்டக்கலை அலுவலகம் போனால் "உங்க பயிர் எங்களோடது இல்லை" என்பார்கள். கொஞ்சம் வாழையும் வைத்திருப்பவர் வேளாண் அலுவலகம் போனால் "தோட்டக்கலையில் கேளுங்க" என்பார்கள். போகும் முன்பே அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், எந்தப் பயிர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வயலில் மிளகாய் நிற்கும், அடங்கலில் தரிசு என்று இருக்கும். அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் திருத்தாமல் எந்த அலுவலகம் ஏறினாலும் வீண்தான்.

அடுத்த பொறி பட்டா. நிலம் மாமனார் பெயரில் இருக்கும், அவர் இறந்து பல வருடம் ஆகியிருக்கும், உழுவது மருமகள். கணினியில் மருமகள் பெயர் இல்லாததால் விண்ணப்பமே ஏறாது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று அது தனி ஓட்டம். திட்ட அறிவிப்பு வந்த பிறகு அதைத் தொடங்கினால் வருடம் முடிந்துவிடும், இப்போதே மனுப் போடுங்கள். கூட்டுப்பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். குத்தகையாளரைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார், அதிகாரிகளும் வற்புறுத்துவதில்லை. பாடுபடுகிறவர் வெளியே நிற்கிறார், வெளியூரில் இருக்கும் பட்டாதாரர் பயனாளி ஆகிறார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

மூன்றாவது பொறிதான் பணத்தைக் கரைப்பது. இது பெரும்பாலும் பின்னேற்பு மானியம். அதாவது முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும், ஆய்வு முடிந்த பிறகுதான் கணக்கில் வரும். தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வழிகாட்டியில் 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) படுக்கைக்கு 16,000 ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பாதி 8,000 மானியம் என்றார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை ஆணை கைக்கு வரும் முன் படுக்கை வாங்காதீர்கள். தேதி முந்திய பில் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். படுக்கையில் ஐஎஸ் 15907 தர எண் அச்சாகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விலை குறைவு என்று வெறும் தார்ப்பாய் பையை வாங்கி, ஆய்வில் மாட்டிக்கொண்ட பெண் ஒருவரை எனக்குத் தெரியும். பை முதல் கோடையிலேயே தையல் விட்டுக் கிழிந்தது, மானியமும் வரவில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண் வேண்டும், விண்ணப்பித்தவர் பெயரே இருக்க வேண்டும். மகன் பெயரில் பில் போட்டால் அதுவும் போச்சு.

பணம் வருகிற வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்து உயிரோடு இருக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள். "அனுப்பிட்டோம், திரும்பிடுச்சு" என்று அலுவலகம் கைகழுவிய பல வழக்குகளில் காரணம் இதுதான்.

"இலக்கு முடிஞ்சிடுச்சு" என்ற பதில் தை மாசியில் தவறாமல் வரும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. உழவன் செயலியில் பதிவு செய்வதானாலும் சித்திரை வைகாசியிலேயே செய்து, பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இயற்கை விவசாயக் குழுவில் சேரச் சொல்லி வருகிறவர்களிடமும் கவனம். பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் இயற்கை விவசாயத் திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று ஆண்டில் 31,500 ரூபாய் என்று சொல்வார்கள். அதில் உங்கள் கணக்குக்கு நேராக வருவது 15,000 மட்டும்தான். மீதி பயிற்சி, சான்றிதழ், சந்தைப்படுத்தலுக்குப் போகும். கையெழுத்துப் போட்டால் யூரியா போட முடியாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கரி செய்வது எளிது. பட்டா நிலத்து மரத்தை மட்டும் வெட்டுங்கள். கண்மாய், புறம்போக்கில் கைவைத்தால் வழக்கு வரும். கரிமூட்டம் போல மண்ணால் மூடிப் புகைய விடாதீர்கள், அந்தப் புகையிலேயே மீத்தேன் போகிறது. வாய் அகன்று அடி குறுகிய குழியில், நன்றாகக் காய்ந்த சிம்புகளை மேலிருந்து பற்றவைத்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போதெல்லாம் அடுத்த அடுக்கைப் போடுங்கள். முடிவில் தண்ணீர் ஊற்றி முழுசாக அணையுங்கள். ஈரத்தோடே நொறுக்குங்கள், கரித்தூள் நெஞ்சுக்கு ஆகாது. புதுக் கரி சாம்பலைப் போல காரத்தன்மை உள்ளது. மாட்டுக் கோமியத்திலோ சாணக் கரைசலிலோ சில நாள் ஊறவைத்து, சாணம் மட்கத் தொடங்கும்போதே கலந்து, சூடு தணிந்த பிறகு புழுவை விடுங்கள். அரிசி ஆலையின் வெள்ளைச் சாம்பலைக் கரி என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். அது அமோனியாவை இன்னும் விரட்டும். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் வேண்டவே வேண்டாம்.

கரி போட்டால் கார்பன் பணம் (கரியை மண்ணில் தங்க வைத்ததற்கான பணம்) வரும் என்று ஆதார் எண்ணும் கைரேகையும் கேட்பவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். எந்த வேளாண் அலுவலகமும் குழியில் கரி செய்பவருக்குக் கார்பன் பணம் கொடுப்பதில்லை. தனியார் ஒப்பந்தம் என்றால் தமிழில் நகல் கேளுங்கள், எத்தனை ஆண்டு கட்டுப்படுகிறோம் என்று பாருங்கள். கைரேகையோ ஓடிபியோ கொடுக்காதீர்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, பூட்டிவிடுங்கள்.

விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள், முதல்வரின் உதவி மைய எண்ணான 1100இலும் பதியுங்கள். அசையவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுப் போடுங்கள். நம் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு எத்தனை படுக்கை ஒதுக்கினார்கள், யார் யார் பெற்றார்கள், என் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவின் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், விரைவுத்தபாலில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பி, சான்று வந்ததும் பட்டா நகலோடு சேர்த்து வையுங்கள்.